199 குதிரைத்திறன் கூட்டியும் 24 கிமீ தானா?

கேள்வி: புகாட்டி வேரான் கார் 1001 குதிரைத்திறனில் மணிக்கு 407 கிமீ வேகம். அதன் சூப்பர் ஸ்போர்ட் வகைக்கு 1200, ஆனால் 2010 சாதனை ஓட்டத்தில் 431 தான். மீதி சக்தி எங்கே போகிறது?

பதில்: காற்றுக்குத்தான். எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதைத் தள்ளிக்கொண்டே ஓடத் தேவையான சக்தியோ வேகத்தின் கனமாக (வேகத்தை மூன்று முறை பெருக்கிய அளவில்) ஏறும், சந்தேகம் இருந்தால் 431-ஐ 407-ஆல் வகுத்துக் கனம் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 1.19 வரும், சக்தி கூடியதும் அதே அளவுதான். டயர் உராய்வெல்லாம் இதன் முன்னால் சில்லறை.

இன்னொரு பதில்: கியரை மறந்துவிட்டீர்கள். மெக்லாரன் எஃப்1 காரில் சக்தி மிச்சம் இருந்தும் ஆறாவது கியரில் 7500 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வரம்பு தடுத்தது. 1998-ல் அதை 8300 ஆக்கியதும் 386 கிமீ!

கேட்டவர்: சரி, அப்படியென்றால் கியரை நீளமாக்கினால், அதாவது அதே ஆர்பிஎம்மில் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றும்படி மாற்றினால் போதுமே?

பதில்: சக்தி மிச்சம் இருந்தால்தான் போதும். இல்லாவிட்டால் எஞ்சின் உச்ச சக்தி தரும் ஆர்பிஎம்மையே எட்டாமல் திணறும், வேகம் குறையத்தான் செய்யும்.