மறுமொழி: ‘ஸ்டீரியோடைப்’ – ‘வார்ப்புரு’ போதுமா?

கல்லடியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நகரத்து இனப் பகையைப் பேசும் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும்போது மூன்று கருத்துகள் ஒரே சொல்லுக்குள் போய் விழுகின்றன. எல்லாவற்றுக்கும் ‘பாரபட்சம்’ என்று போட்டுவிட்டால் படமே விளங்காது.

லொஸ் ஏஞ்சலிஸில் நடக்கும் ‘கிராஷ்’ (2004) படத்தையே எடுங்கள். பூட்டு மாற்ற வந்தவனின் மொட்டைத்தலையையும் பச்சை குத்தலையும் கண்ட வீட்டுக்காரி, இவன் சிறைக்குப் போய் வந்த ரவுடிதான் என்று முடிவுகட்டுகிறாள். அவளுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஆயத்தச் சித்திரம் அது; ஆங்கிலத்தில் ‘ஸ்டீரியோடைப்’. அதனால் அவளுக்கு வரும் பயமும் வெறுப்பும் தப்பெண்ணம். அதே படத்தில் பொலிஸ்காரன் ஒரு கறுப்பினத் தம்பதியின் வாகனத்தை மறித்து இழிவுபடுத்துகிறான். அது செயல், பாகுபாடு. பின்னிரண்டுக்கும் சொல் இருக்கிறது. முதலாவதுக்குத்தான் திண்டாட்டம். ‘வார்ப்புரு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து:

தங்கச்சி, ‘வார்ப்புரு’ வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிக் கணினிக்காரர் எல்லாரும் அதை வேறு பொருளில் எடுத்துவிட்டார்கள். ‘வார்ப்புருவை நிரப்புக’ என்றால் படிவம்தான் நினைவுக்கு வரும். ‘முத்திரைப் பாத்திரம்’ என்று முன்பு யாரோ எழுதினார்கள். அதுவும் சரிவராது. நம் நாட்டில் முத்திரை என்றால் தபாற்கந்தோரில் வாங்குவது. போதாக்குறைக்கு ‘முத்திரை பதித்த நடிகர்’ என்பது பாராட்டு.

ஆங்கிலச் சொல் அச்சுக்கூடத்தில் பிறந்தது. எழுத்துக் கோத்த பக்கத்தை அப்படியே உலோகத் தகடாக வார்த்து, திரும்பத் திரும்ப அச்சடிப்பார்கள். 1922இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் அதை மனச்சித்திரத்துக்கு ஏற்றினார். அச்சு + உரு = ‘அச்சுரு’ என்று வைப்போம். நான்கே எழுத்து.

வந்தாறுமூலையிலிருந்து:

காக்கா, எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. வாயால் ஒருக்கால் சொல்லிப் பாருங்கள். ‘அச்சுருவாக்கம்’ என்பது ‘அச்சுறு’ என்றே காதில் விழும். நம் பேச்சில் இந்த இடத்தில் ரகரமும் றகரமும் பிரியாது. பின்னணிக் குரலில் வந்தால் ‘கறுப்பினத்தவரை அச்சுறுத்தும் படம்’ என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

கூத்திலிருந்து ‘வரவு’ என்பதை எடுக்கலாமா என்றும் யோசிக்கத் தோன்றும். பாத்திரம் கதைக்குள் இறங்குமுன்பே வரவுப்பாட்டும் ஆட்டமும் இன்னார் என்று காட்டிவிடும். சினிமாவிலும் உடுப்பு, பின்னணி இசை, கொச்சைப் பேச்சு மூன்றும் அதே வேலையைச் செய்கின்றன. ‘நம்பள் நிம்பள்’ என்று ஒரு குரல் கேட்டால் போதும், வட்டிக்கடைச் சேட்டு வந்துவிட்டார். சென்னைப் படங்களில் இலங்கைத் தமிழர் யாராயிருந்தாலும் பெரும்பாலும் ஒரே யாழ்ப்பாணச் சாயற் பேச்சுத்தான். ‘என்ன மனே’ என்று மட்டக்களப்புப் பேச்சில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. ஆனாலும் ‘வரவு’ வேண்டாம். கூத்தில் தருமனுக்கும் வரவு உண்டு, துரியோதனனுக்கும் வரவு உண்டு. அது கலை மரபு, இழிவு இல்லை.

கல்முனையிலிருந்து:

சொல்லைத் தெரிவதற்கு முன் அது நிற்கவேண்டிய வாக்கியங்களை வையுங்கள். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் சென்னையில் கலைச்சொற் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அவர் ஊர்க்காரர் நாங்கள் அகராதியைப் புரட்டிவிட்டு எழும்பக்கூடாது. மூன்று சோதனை சொல்கிறேன்.

ஒன்று, மேலே சொன்ன பூட்டுக்காரன். இரண்டு, ‘மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்’, அதாவது மந்திரம் செய்து ஊர் திரும்பவிடமாட்டார்கள் என்ற பழைய கதை. இதில் பாத்திரம் இல்லை, முகமும் இல்லை, ஓர் ஊரைப் பற்றிய நம்பிக்கை மட்டுமே. ‘அச்சுமுகம்’ போன்ற சொற்கள் இங்கே விழுந்துவிடும். மூன்று, ‘ஆசியப் பிள்ளைகள் கணக்கில் கெட்டி’. இது புகழ்ச்சி, ஆனாலும் ஆயத்தச் சித்திரம்தான். ஆகவே சொல்லுக்குள் ‘தப்பு’, ‘இழிவு’ எதுவும் இருக்கக்கூடாது.

என் முன்மொழிவு ‘வார்ப்பெண்ணம்’. தகடு வார்த்த கதையும் உள்ளே இருக்கிறது, தப்பெண்ணத்துக்கு இணையாகவும் நிற்கிறது. திரைப் பாத்திரத்துக்கு ‘வார்ப்புப் பாத்திரம்’. வினைக்கு ‘வார்ப்பெண்ணத்தில் அடைத்தல்’. ‘வார்ப்பெண்ணமாக்கல்’ என்று எழுதினால் நாக்குச் சுளுக்கும்.

கல்லடியிலிருந்து:

கல்முனை ஐயாவின் சொல் மூன்று சோதனையிலும் நிற்கிறது. நீளம்தான் கொஞ்சம் யோசனை: ஏழு எழுத்து, புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணும் மென்பொருள் கணக்கில் 13 குறி. வரிக்கு 42 குறி என்று அளவு வைத்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆனால் சப்டைட்டிலில் இந்தச் சொல் அரிதாகத்தான் வரும்; விமர்சனத்திலும் வகுப்பிலும்தான் அதிகம் தேவை.

வசனத்தில் வரும் இடர் வேறு. நியூயோர்க் புரூக்ளினில் ஒரே கொதிநாளில் நடக்கும் ‘டூ த ரைட் திங்’ (1989) படத்தில் ஐந்து பேர் ஒருவர்பின் ஒருவராகக் கமராவைப் பார்த்து வெவ்வேறு இனத்தை ஏசுவார்கள். இத்தாலியருக்கு விழும் ஏச்சில் உள்ளிப்பூண்டு நாற்றம், பீட்சா, ஸ்பகெட்டி, பாடகர் பெயர்கள் என்று அடுக்கிக்கொண்டு போகும். அதை ‘நாயே, பேயே’ என்று மாற்றினால் ஏச்சு மிஞ்சும், வார்ப்பெண்ணம் காணாமற்போகும். ஏச்சைக் குறைத்தாலும் பூண்டையும் பீட்சாவையும் விடக்கூடாது.

இன்னொரு சொல்லும் வேண்டும். ‘கிராஷ்’ படத்தின் பூட்டுக்காரன் தன் வீட்டுக்குப் போய், துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்த மகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத போர்வை போர்த்துகிறான். காட்டிய வார்ப்பை இயக்குநரே உடைக்கும் இடம். ‘வார்ப்புடைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இப்படி ஒரு திருப்பம் வைத்தால் அந்தத் திருப்பமே வார்ப்பாகிவிடும் என்பது அந்தப் படத்தின்மேல் எனக்குள்ள குறை. 2006இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் வாங்கியது வேறு விஷயம்.

அக்கரைப்பற்றிலிருந்து:

‘அச்சுரு’வை மீட்டுக்கொள்கிறேன். ஆனால் தலைப்பில் ‘இனவாதம்’ என்று போடாதீர்கள். இங்கே அந்தச் சொல்லைக் கண்டதும் சிங்களம், தமிழ், முஸ்லிம் அரசியலுக்குத்தான் மனம் ஓடும். தோல் நிறத்தை வைத்து வருவதற்கு ‘நிறவாதம்’ இருக்கிறது. ஆனால் ‘கிராஷி’ல் பாரசீகக் கடைக்காரரை அரபியர் என்று நினைத்துக் கடையை உடைக்கிறார்களே, அது நிறமா, இனமா? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.