யூகேஜி வகுப்பில் கை, கால், வாய் நோய்: சானிடைசர் மட்டும் போதுமா?

கேள்வி – யூகேஜி அம்மா
என் மகளின் வகுப்பில் அடுத்தடுத்துப் பல பிள்ளைகளுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொப்புளங்களும் வாய்ப்புண்ணும் வந்திருக்கின்றன. சில வீடுகளில் அம்மை என்று நினைத்து வேப்பிலை செருகிவிட்டார்கள். மருத்துவரோ இது கை, கால், வாய் நோய் என்கிறார். வகுப்பு வாசலில் சானிடைசர் பாட்டில் வைத்ததோடு பள்ளி நிர்வாகம் நிறுத்திக்கொண்டது. அது போதுமா? நோய் வந்த பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் வைத்திருக்க வேண்டும்?

பதில் – குழந்தைகள் நல மருத்துவர்
போதாது. இந்த நோயை உண்டாக்கும் காக்சாகி ஏ16 போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பாலான வெளியுறை இல்லாததால், கொரோனா வைரஸைப் போல இவை ஆல்கஹாலுக்கு எளிதில் அடங்குவதில்லை. சோப்பு போட்டு, ஓடும் நீரில் விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவுவதே நம்பத்தக்க வழி. அறிகுறி தொடங்கியதிலிருந்து 5 முதல் 7 நாள் வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். கொப்புளம் ஆறிய பிறகும் பல வாரங்களுக்கு மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால், உண்மையான தடுப்பு கழிப்பறைக்கு வெளியே உள்ள குழாயடியில்தான் இருக்கிறது.

பதில் – தொடக்கப்பள்ளி ஆசிரியை
குழாயடியில்தான் சிக்கலும். சாப்பாட்டு மணி அடித்த பிறகு வகுப்பே ஓடிவந்து முட்டிமோதினால், பாதிப் பிள்ளைகள் விரல்நுனியை நனைத்துக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார்கள். மணிக்கு முன்பே வரிசை வரிசையாக அனுப்பி, அருகில் ஒருவர் நின்று பார்த்தால்தான் சோப்பு கையில் படும். பொம்மைகளைச் சோப்பு நீரில் கழுவிய பிறகு பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். அழுக்கின் மேலேயே பிளீச்சிங்கைத் தெளிப்பதில் பயன் குறைவு. இன்னொன்று, 'முழு வருகை'ப் பரிசை மழலையர் வகுப்புகளில் நிறுத்தச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரை அந்தப் பரிசே உருவாக்குகிறது.

பதில் – கொல்லத்துக்காரர்
2022 மே மாதம் கேரளத்தில் எங்கள் கொல்லம் மாவட்டத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பரபரப்பானதும் இந்த நோயின் ஒரு வடிவம்தான் என்றே பின்னர் கருதப்பட்டது. பெயரைக் கேட்டுத் தக்காளி வாங்கவே தயங்கியவர்களும் உண்டு!

யூகேஜி அம்மா
மிக்க நன்றி. வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது. மூத்தவளுக்கு வந்துவிட்டால் என்ன செய்வது?

குழந்தைகள் நல மருத்துவர்
துண்டு, டம்ளர், கரண்டி ஆகியவற்றைத் தனியாக வையுங்கள். டயப்பர் மாற்றிய ஒவ்வொரு முறையும் கையைச் சோப்பால் கழுவுங்கள். வாய்ப்புண்ணால் பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கும். ஆறிய கஞ்சி, மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு விழித்தாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.