மென்பவளத்தின் மேல் வாழும் இந்த உயிரினம் தானே உணவு தயாரிக்கிறதா?

மேலூர் ஆசிரியை:
மேலூருக்கு அருகே ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் வகுப்பில் காட்டிய கடலடிக் காணொளியில், மென்பவளத்தின் மீது ஊர்ந்து செல்லும் ஓடில்லாத கடல் அட்டை ஒன்றைப் பார்த்தோம். அதன் முதுகெங்கும் தட்டையான விரல்கள்; அந்த விரல்களில் பழுப்புத் திட்டுகள். அது சூரிய ஒளியால் வாழ்வதாக விளக்கவுரையில் சொன்னதும், "விலங்குகள் உணவு தயாரிக்காது என்று நீங்கள்தானே டீச்சர் எழுதிப் போட்டீர்கள்?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

மண்டபத்துக்காரன்:
முதலில் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள், டீச்சர். எங்கள் ஊரில் கடல் அட்டை என்றால் உருளையாக, வெள்ளரிக்காய் போல மணலில் கிடப்பது. அது நட்சத்திர மீனுக்கு உறவு. 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை இருப்பதால், அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் கரையில் காதைத் தீட்டிக்கொள்வார்கள். நீங்கள் பார்த்தது சங்குக்கும் நத்தைக்கும் உறவான கடல் நத்தை. குஞ்சுப் பருவத்தில் அதற்கும் சிறிய ஓடு உண்டு, வளரும்போது கழற்றிவிடும்.

பசுமலை வாசகர்:
நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ஃபில்லோடெஸ்மியம் லாங்கிசிரம் என்ற இனத்துக்குப் பொருந்துகின்றன. உங்கள் பாடம் தவறில்லை, ஏனெனில் அந்த நத்தை உணவு தயாரிப்பதில்லை. மென்பவளத்தின் திசுக்களுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தைத் தின்னும் நத்தை, அந்தப் பாசிகளை மட்டும் முழுதாகச் செரிக்காமல், முதுகு விரல்களுக்குள் கிளைத்தோடும் செரிமானச் சுரப்பியில் உயிரோடு வைத்துக்கொள்கிறது. நீங்கள் கண்ட பழுப்புத் திட்டுகள் அந்தப் பாசிகளே. தோல் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக இருப்பதால் வெயில் உள்ளே இறங்குகிறது. பாசி தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு நத்தைக்குச் சேர்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரத்துக்கு விட்ட வயல் என்றால் எளிதில் விளங்கும்: நிலம் நத்தையுடையது, உழைப்பு பாசியுடையது. என்ன, இந்தக் குடியானவனைப் பக்கத்து வயலிலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள்!

இதன் உறவினமான ஃபில்லோடெஸ்மியம் பிரையேரியம், தான் தின்னும் பவளத்தின் விரல்களைப் போலவே தன் முதுகு விரல்களையும் வைத்திருக்கும். அசையாமல் இருந்தால் எது பவளம், எது நத்தை என்று பிரித்தறிவது கடினம்.

மேலூர் ஆசிரியை:
மிக்க நன்றி, ஐயா. வார உவமையை இன்றே சொன்னேன். அதே மாணவி, "அப்படியானால் குஞ்சுக்கும் அந்தப் பாசி சொத்தாகக் கிடைக்குமா?" என்கிறாள்.

பசுமலை வாசகர்:
கிடைக்காது. முட்டையிலிருந்து வரும் குஞ்சிடம் பாசி இருப்பதில்லை. அது தானே மென்பவளத்தைத் தேடித் தின்றுதான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.