வாடகைக்கு விட முதல் வீடு: எவற்றைக் கணக்கிட வேண்டும்?

கேள்வி:
தாம்பரத்தில் 60 லட்சம் ரூபாய்க்கு இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கி, மாதம் 18,000 ரூபாய் வாடகைக்கு விட எண்ணியுள்ளேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில்:
முதலில் வருமானத்தைப் பாருங்கள் ஐயா. ஆண்டு வாடகை 2,16,000 ரூபாய், அதாவது விலையில் 3.6 விழுக்காடு, ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்து, சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், வெள்ளையடிப்பு என 25,000 ரூபாய் செலவானால், அது 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். பத்திரப் பதிவுச் செலவை இதில் சேர்க்கவே இல்லை. வீட்டுக் கடன் வட்டி இதைவிட வெகுவாக அதிகம் என்பதால், பெரும்பகுதியைக் கடனாகப் பெற்று இதில் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாம் பதில்:
தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி, பதினோரு மாத ஒப்பந்தமானாலும் அது எழுத்து வடிவில் இருந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதியப்பட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. சென்னையில் பத்து மாத முன்பணம் கேட்கும் பழக்கம் இன்னும் உள்ளது. குடிவருபவருக்கு அது பெருஞ்சுமை, தயவுசெய்து கேட்காதீர்கள். சாவியை ஒப்படைக்கும் நாளில் சுவர், குழாய், மின்விசிறி ஆகியவற்றின் நிலையைப் படமெடுத்து, பட்டியலில் இருவரும் கையொப்பமிட்டால், காலி செய்யும்போது முன்பணக் கழிவில் தகராறு எழாது.

மூன்றாம் பதில்:
வருமான வரியில், ஆண்டு வாடகையிலிருந்து நீங்கள் செலுத்திய சொத்து வரியைக் கழித்த பின், மீதியில் 30 விழுக்காடு, பழுதுபார்ப்பு ரசீது எதுவும் இல்லாமலேயே கழிவாகக் கிடைக்கும்.