ஸ்டார்ட்அப் கடல் தாண்டுவது சூழலாலா, சொந்தக் காலாலா?

கடலோடி:
முதலீட்டாளர்கள், பல்கலைக்கழகங்கள், புதுக் கம்பெனிகளுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் இன்குபேட்டர்கள், ஏற்கெனவே கம்பெனி நடத்திப் பழகியவர்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடியிருப்பதைத்தான் ஸ்டார்ட்அப் சூழல் என்கிறோம். அது இல்லாமல் ஒரு சின்னக் கம்பெனி எல்லை தாண்டுவது அபூர்வம் என்பது என் கட்சி. எஸ்டோனியாவைப் பாருங்கள். மக்கள்தொகை சுமார் 13 லட்சம். 2003-இல் வந்த, இணையம் வழியே பேச உதவிய ஸ்கைப்பின் மென்பொருள் அங்கேதான் எழுதப்பட்டது. 2005-இல் அமெரிக்க இணையச் சந்தையான ஈபே அதை வாங்கியது. ஸ்கைப்பில் இருந்தவர்கள் பலர் பணத்தோடும் அனுபவத்தோடும் வெளியே வந்தார்கள். ஸ்கைப்பின் முதல் ஊழியர் டாவெட் ஹின்ரிகஸ், 2011-இல் இன்னொரு எஸ்டோனியரோடு சேர்ந்து, நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் டிரான்ஸ்பர்வைஸைத் தொடங்கினார். இன்றைய வைஸ் அதுதான்.

ஒத்தையடிப்பாதை:
13 லட்சம் பேரை வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்வார்கள்? உள்ளூரில் விற்றால் கட்டுப்படியாகாது, அதனால் வெளியே போனார்கள். நீங்கள் சொன்ன டிரான்ஸ்பர்வைஸே லண்டனில்தான் கடை விரித்தது. மென்பொருள் கம்பெனியான அட்லாசியனை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் சிட்னியில் இரண்டு பேர், கிரெடிட் கார்டு கடனில் ஆரம்பித்தார்கள். ஊர் ஊராகப் போய் விற்க ஆள் வைக்கவில்லை. விலையை இணையத்தில் போட்டார்கள், பார்த்தவர்கள் வாங்கினார்கள். வெளி முதலீடு 2010-இல்தான் வந்தது. அதற்குள் பல நாடுகளில் வாடிக்கையாளர்கள்.

கடலோடி:
சின்னச் சந்தை தண்ணீரில் தள்ளிவிடும், சரி. நீந்த யார் கற்றுக்கொடுப்பது? சின்ன நாடுகள் எத்தனையோ இருக்கின்றன, எல்லாவற்றிலிருந்தும் ஸ்கைப் வரவில்லையே. அப்புறம், அட்லாசியன் விற்றது மென்பொருள். பணம் அனுப்பும் தொழிலுக்கு ஒவ்வொரு நாட்டிலும் உரிமம், வங்கிக் கூட்டாளி, பணமோசடித் தடுப்பு விதிகள் என்று வரிசையாக நிற்கும். எந்த அதிகாரியிடம் எந்தத் தாளை முதலில் நீட்டுவது என்று சொல்ல, முன்பே அடிபட்ட ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

ஒத்தையடிப்பாதை:
அந்த ஸ்கைப் எப்படி வந்தது? நிறுவனர்கள் ஒருவர் சுவீடன்காரர், ஒருவர் டென்மார்க்காரர். தங்களுடைய முந்தைய கோப்புப் பகிர்வு மென்பொருளான கசாவை எழுதிக்கொடுத்த அதே எஸ்டோனிய புரோகிராமர்களிடமே திரும்பப் போனார்கள், அவ்வளவுதான். கம்பெனி முதலில் வந்தது, நீங்கள் கொண்டாடும் சூழல் பிறகுதான் வந்தது.

பழைய கணக்கர்:
இரண்டு பேருக்கும் நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் கணக்குப் பார்த்த ஒரு ஸ்டார்ட்அப்பை அதன் இன்குபேட்டர் வெளிநாட்டுப் பயணம் அழைத்துப்போனது. ஒரு வாரம், ஏகப்பட்ட கைகுலுக்கல், பை நிறைய விசிட்டிங் கார்டுகள். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. அறிமுகம் செய்துவைத்தவர்களுக்கு எங்கள் கம்பெனி ஜெயித்தால் லாபமும் இல்லை, தோற்றால் நஷ்டமும் இல்லை.

இஸ்ரேல் 1993-இல் தொடங்கிய யோஸ்மா என்ற அரசு முதலீட்டுத் திட்டம் இதற்கு நேர் எதிர். அரசு 10 கோடி டாலரை ஒதுக்கிப் பெரும்பகுதியை, ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்யும் பத்து ஃபண்ட்களில் போட்டது. ஒவ்வொன்றிலும் வெளிநாட்டு நிதி நிறுவனம் ஒன்று கூட்டாளியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஃபண்ட் நன்றாக ஓடினால், அரசின் பங்கைக் கூட்டாளிகள் ஐந்து வருடத்துக்குள் முன்பே பேசிய கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். அந்த வெளிநாட்டுக்காரரின் பணமும் உள்ளே மாட்டியிருந்ததால், அமெரிக்காவில் வாடிக்கையாளரைக் காட்டுவது அவருக்கே அவசரம். சூழல் உதவியதா என்று கேட்பதைவிட, போகிற நாட்டில் யாருடைய பணம் இதில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குப் புரிகிறது.

ஒத்தையடிப்பாதை:
யோஸ்மாவை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் பெயர் ஒப்பந்தம் ஐயா, சூழல் இல்லை. 2010-இல் சிலி நாட்டு அரசின் ஸ்டார்ட்அப் சிலி திட்டம், கம்பெனியில் பங்கு கேட்காமல் 40,000 டாலர் கொடுத்து வெளிநாட்டுக்காரர்களை வரவழைத்தது. திட்டக்காலம் முடிந்ததும் பலர் மூட்டை கட்டினார்கள்.

கடலோடி:
அது உள்ளே வந்தவர்களின் கதை, நாம் பேசுவது வெளியே போகிறவர்களைப் பற்றி. யோஸ்மாவுக்கே வருகிறேன். அந்த வெளிநாட்டு ஃபண்ட்கள் வெறும் நிபந்தனையை நம்பியா பணம் போட்டன? ராணுவ ஆராய்ச்சியில் பழகியவர்களும், சோவியத்திலிருந்து வந்து இறங்கிய பொறியாளர்களும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அவர்களை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள், கணக்கரே?

பழைய கணக்கர்:
கையிருப்பில்தான். ஆனால் 1993-க்கு முன்பும் அவர்களில் பலர் அங்கேதானே இருந்தார்கள்?