ஏ5ஐ மடிச்சா டி4, ஆனா 3 குறையுதே?

வெள்ளவத்தைப்பொடியன்:
ஆராவது சொல்லுங்கோ, ரெண்டு நாளா மண்டை காயுது. ஏ5 குவிவர், அதாவது அஞ்சு புள்ளியை வரிசையா அம்பால கோத்த படம், அம்பெல்லாம் நடுவைப் பாத்து, 1→2→3←4←5. 1ஐயும் 5ஐயும், 2ஐயும் 4ஐயும் மாத்திப்போடுற ரெண்டு பேர் குரூப் இதில ஆக்ட் பண்ணுது. ரைட்டன், ரீட்மன் 1985ல எழுதினதை வச்சு ஸ்க்யூ குரூப் அல்ஜீப்ரா (குவிவர்ட அல்ஜீப்ராவோட குரூப்பையும் சேர்த்துக் கட்டுறது) போட்டா டி4 வருது, நடுப்புள்ளி ஒண்டில மூண்டு புள்ளி ஒட்டின குவிவர். ஆனா ஏ5ல இன்டீகம்போஸபிள், அதாவது இனிப் பிரிக்கேலாத மொடியூல் (புள்ளிக்கொரு வெக்டர் ஸ்பேஸ், அம்புக்கொரு லீனியர் மெப்), 15, ஆர்பிட்டா, குரூப் ஒண்டையொண்டு மாத்துறதை ஒண்டாச் சேர்த்து, எண்ணினா 9 தான், டி4க்கு 12 வேணுமே! டெரைவ்ட் கேட்டகரிக்கு (மொடியூலுக்குப் பதிலா மொடியூல் கோத்த கொம்ப்ளெக்ஸ், அதைத் தள்ளி வைக்கிறது ஷிஃப்ட்) போயும் பாத்தன், ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் அதே 3 குறையுது. மெரின் டிரைவ்ல கல்லில இருந்து கொப்பி முழுக்கக் கீறியாச்சு.

பிளேன்டீ:
தம்பி, ஆர்பிட்டை எண்ணாதீங்க, ஈக்குவேரியன்ட் ஒப்ஜெக்ட்டை, அதாவது குரூப் அதில எப்படி ஆக்ட் பண்ணுதுன்னும் சேர்த்துக் குடுத்த மொடியூலை, எண்ணுங்க. மொடியூல் எங்க தொடங்கி எங்க முடியுதுனு எழுதுங்க, (1,2)ஐ மடிச்சா (4,5). அசையாம நிக்கிறது கூட்டினா 6 வர்ற மூணு மட்டும், (1,5), (2,4), (3,3). மிச்ச 12ம் சோடி சேர்ந்து 6 ஆகும். அசையாததுல தான் விஷயமே இருக்கு, மொடியூலும் அதோட மடிச்ச வடிவமும் ஒண்ணுன்னு சொன்னா மட்டும் போதாது, எந்த ஐசோமோர்ஃபிசத்தால (ஒண்ணை மத்ததா மாத்தித் திரும்பவும் கொண்டு வரக்கூடிய மெப்) ஒண்ணுன்னும் சொல்லணும், அதை ரெண்டு தரம் போட்டா ஐடென்டிட்டி வரணும், அதுக்கு ப்ளஸ் ஒண்ணு மைனஸ் ஒண்ணுன்னு ரெண்டு வழி. 3 இப்ப 6 ஆச்சு, 6ம் 6ம் 12. குவிவர்லயே தெரியும், நடுப்புள்ளி ரெண்டாப் பிரியுது, 2ம் 4ம் ஒட்டி டி4க்கு நடுவாகுது. கேரக்டரிஸ்டிக் 2ல, அதாவது 1+1=0 ஆகுற ஃபீல்ட்ல, ப்ளஸ்ஸும் மைனஸும் ஒண்ணுதானே, அங்க இந்தக் கதை வேண்டாம்.

138பஸ்:
மேல சொன்னது சரி, ஆனா அசையாதது எல்லாம் பிரியும்னு எழுதி வச்சிடாதீங்க மச்சான். 2×2 மேட்ரிக்ஸ் அல்ஜீப்ராவுல க்ளைன் ஃபோர் குரூப்ப (நாலு பேர் குரூப், எதை ரெண்டு தரம் போட்டாலும் ஐடென்டிட்டி) பௌலி மேட்ரிக்ஸால கொஞ்சுகேட் பண்ண விடுங்க, சிம்பிள் மொடியூல் ஒண்ணே ஒண்ணு, அது அசையாது, ஆனா வேற வேற பௌலி ரெண்டைப் பெருக்கிற வரிசை மாறினா மைனஸ் வந்திடும், அதால ஈக்குவேரியன்ட் ஸ்ட்ரக்சரே இல்ல, ரெண்டு கொப்பி சேர்த்தாத்தான் நிக்கும். இப்படித் தடுக்குதா இல்லையான்னு அளக்கிற, குரூப்ட ரெண்டாவது கோஹோமொலஜி பண்ற வேலை. டெரைவ்ட் பக்கம் இன்னொரு வில்லங்கம், ஒரு மெப்பை ட்ரையாங்கிளா முடிக்கிற கோன் ஃபங்டோரியல் இல்ல (மெப்புக்கு மெப் ஒரே வழியா ஒட்டாது), அதால ஈக்குவேரியன்ட் பக்கம் ட்ரையாங்கிள் தானா வராது. குரூப்ட ஓடர், அதாவது அதில எத்தனை பேர்ங்கிறது, ஃபீல்ட்ல இன்வர்ட்டிபிள்னா (0 ஆகாட்டி) பயமில்ல, ஸ்க்யூ அல்ஜீப்ராட டெரைவ்ட் கேட்டகரியே வரும்னு எலாகின் காட்டியிருக்கார்.

வெள்ளவத்தைப்பொடியன்:
அட, அந்த ப்ளஸ் மைனஸைத் தான் விட்டிருக்கிறன். ஏ3லயும் போட்டுப் பாத்தன், அசையாதது 2 பிரிஞ்சு 4, மிச்சம் 4 சோடி சேர்ந்து 2, கடைசியில 6, திரும்பவும் ஏ3 தான் வருது. பௌலி விஷயம் நாளைக்கு, இப்ப கொப்பியில இடமில்லை.