தனித்தனி த்ராட்டில் பாடி வைத்த சின்ன எஞ்சின்கள்: டியூனிங்கில் மனத்தை விட்டுப் போகாத அனுபவங்கள்

(தனித்தனி த்ராட்டில் பாடி என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றைத் திறந்து மூடும் ஒரு தனித் தட்டு. ஒவ்வொரு பதிவின் தலைப்பும் எழுதியவரின் புனைபெயரும் ஊரும்.)

இருபது வால்வு, ஈப்போ

மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாய்மீது ஆவியாகாமல் உருண்டு நின்ற சில தண்ணீர்த் துளிகள்தான் என்னை இதை எழுத வைக்கின்றன. வண்டி கே.இ.70 கரோலா, உள்ளே இருந்தது ஆப்கட் கடையில் (வெட்டி எடுத்த பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) எடுத்த டொயோட்டா 4ஏ-ஜிஇ இருபது வால்வு எஞ்சின், கறுப்பு மூடி வகை. இந்த எஞ்சினைப் பின்சக்கர வண்டியில் ஏற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின் அறையின் பின்தடுப்பான ஃபயர்வாலில் இடிக்கும் என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரிந்ததுதான் என்பதால் அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். என் பட்டறைக்கு வரும்போதே தனி இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பூட்டி, வேறோர் இடத்தில் டியூன் செய்து முடித்திருந்தார்கள். உரிமையாளர் சொன்ன குறை ஒன்றுதான். ஐயாயிரத்தைத் தாண்டினால் எஞ்சின் அருமையாக இழுக்கிறது, ஆனால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது வெட்டி வெட்டி உதைக்கிறது, சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை கண்ணைக் கரிக்கிறது.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் வைட்பேண்ட் மீட்டர் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று எக்ஸாஸ்டில் அளப்பது) ஐடிலில், அதாவது பெடலை மிதிக்காமல் ஓடும்போது, 14-ஐ ஒட்டி அசையாமல் நிற்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவர் இதில் குறை சொல்ல மாட்டார். ஆனால் பிளக்குகளைக் கழற்றியபோது மூன்று கரிபிடித்துக் கறுத்திருந்தன, ஒன்று பெட்ரோலில் நனைந்திருந்தது. மறுநாள் காலை எஞ்சின் நன்றாக ஆறியிருந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்து, நான்கு எக்ஸாஸ்ட் குழாய்களின் மேலும் விரல்நுனியால் தண்ணீர் தெளித்தேன். ஒன்றிலும் இரண்டிலும் நான்கிலும் துளி விழுந்த சில விநாடிகளில் சுர்ரென்று மறைந்தது. மூன்றாவதில் துளிகள் முத்து முத்தாக நின்று, அதிர்வில் நடுங்கி, மெதுவாகக் கீழே வழிந்தன. ஐடிலில் அந்தச் சிலிண்டர் எரியவே இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. மூன்றாம் தட்டு மற்றவற்றைவிட இம்மியளவு கூடுதலாக மூடியிருந்தது. 45 மில்லிமீட்டர் தட்டுகள் நான்கு சேர்ந்தால் 90 மில்லிமீட்டர் ஒற்றைத் தட்டின் பரப்பாகிவிடும். ஐடிலில் அவை திறந்திருப்பதோ முடியளவு இடைவெளிதான் என்பதால், அந்த இம்மியே அங்கே பெரிய வித்தியாசம். காற்றுக் குறைவு, பெட்ரோல் மட்டும் மற்றவற்றுக்குச் சமம், ஆகவே அது பற்றவில்லை. பற்றாத சிலிண்டர் தன் ஆக்சிஜனை அப்படியே எக்ஸாஸ்டில் தள்ளும். குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் இருக்கும் சென்சார் அதை லீன் (பெட்ரோல் குறைவு) என்றே படிக்கும். முன்பு டியூன் செய்தவர் மீட்டர் 14 காட்டும்வரை பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். நான்கு ட்ரம்பெட் (காற்றை உள்ளிழுக்கும் விரிந்த குழாய்) வாய்களிலும் காற்றளவு மீட்டரை வைத்துத் தட்டுகளைச் சமப்படுத்திய பிறகு, இசியுவின் பெட்ரோல் அட்டவணையில் ஐடில் கட்டங்களில் கணிசமாகப் பெட்ரோலைக் குறைக்க வேண்டியிருந்தது, வெட்டும் நின்றது. ஆனாலும் அந்த 14 என்னை இன்னும் உறுத்துகிறது. பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் இப்படி எத்தனை வண்டிகள் சாலையில் ஓடுகின்றனவோ.

கரித் தடம், கோவை

ஈப்போ அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ட்ரம்பெட் வாயில் நின்ற பெட்ரோல் மூட்டம். மாருதி எஸ்டீமின் 1,298 சிசி எஞ்சினில் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் பைக்கின் த்ராட்டில் பாடிகளை, உள்ளே இருக்கும் இரண்டாவது தட்டுகளை எடுத்துவிட்டு, போர்ட் இடைவெளிக்கு ஏற்றபடி வெட்டி நகர்த்திப் பூட்டியிருந்தோம்; கேம்ஷாஃப்டும் வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் வகை. எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் முழுத் த்ராட்டிலில் ஏற்றியபோது நாலாயிரத்தை ஒட்டி, ஷட்டர் வழியாக விழுந்த சாய்ந்த வெயிலில், நான்கு வாய்களுக்கு வெளியேயும் ஒரு விரற்கடை தூரத்தில் வெண்மையான மூட்டம் தொங்குவதைக் கண்ணால் பார்த்தேன். உள்ளே போன காற்று திரும்பி வந்து பெட்ரோலையும் கூடவே கொண்டுவருகிறது. ஆறாயிரத்தில் அது தானாகவே மறைந்தது. டார்க் (திருகுவிசை) கோடு சரிந்திருந்த இடமும் மூட்டம் நின்ற இடமும் ஒன்றே. நீளமான ட்ரம்பெட் மாற்றி, இன்ஜெக்டர் மூடும் நேரத்தையும் நகர்த்திய பிறகு மூட்டம் குழாய்க்குள் அடங்கிவிட்டது, சரிவும் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி ஏன் போகவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த எஞ்சின்களுக்கு மேப் சென்சார் (உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை அளப்பது) குழாயை இழுத்து அவதிப்படுவது வீண் வேலை. த்ராட்டில் கால்வாசி, மூன்றிலொரு பங்கு திறந்துவிட்டாலே, நடுத்தர வேகத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தை நெருங்கிவிடும். அதற்கு மேல் அந்தச் சென்சார் சொல்வதற்கு ஒன்றுமில்லை. த்ராட்டில் கோணமும் ஆர்பிஎம்மும் மட்டும் வைத்து ஓடும் ஆல்ஃபா-என் போதும்.

மலையேற்றம், கிள்ளான்

கோவை நண்பர் சொல்வது பந்தயத் திடலுக்குப் பொருந்தும். சாலையில் ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன், பிறகு அவரே முடிவு செய்யட்டும்.

நண்பரின் வண்டியில் அதே கறுப்பு மூடி எஞ்சின். கிள்ளானில் ஆல்ஃபா-என் முறையில் நேர்த்தியாக டியூன் செய்து, ஒரு ஞாயிறு காலையில் கெந்திங் மலைக்கு ஏறினோம். பாதி வழியிலேயே பின்கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது, 12.8 காட்ட வேண்டிய மீட்டர் பதினொன்றுக்குக் கீழே இறங்கியது. மேலே வாகன நிறுத்துமிடத்தில் எஞ்சின் திணறி அணைந்தே போயிற்று. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 82 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். த்ராட்டில் கோணத்துக்கு அது தெரியாது என்பதால் கடல்மட்டத்துப் பெட்ரோலையே ஊற்றிக்கொண்டிருந்தது. இதுவரை எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் மறுபடியும் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோலச் சுத்தமாக ஓடியது. நாங்கள் மகிழ்ந்துபோய், கடைசிவரை எஞ்சினை அணைக்காமல் கீழே இறங்கினோம்.

காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் டோலைத் தாண்டி அவர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோது, டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் கேட்டது. நான் கத்தியதும் காலை எடுத்துவிட்டார். பிறகு பதிவைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த இசியு, சாவியைத் திருப்பும் கணத்தில் மட்டும் வெளிக்காற்றை அளந்து, அடுத்த முறை அணைக்கும்வரை அதையே நம்பிக்கொண்டிருக்கும். மலையுச்சியில் 82 என்று படித்ததைக் கடல்மட்டம்வரை சுமந்துகொண்டு வந்திருக்கிறது. பெட்ரோலில் 18 விழுக்காடு குறைந்தால் 12.8 என்பது 15.6 ஆகிவிடும், அதுவும் முழு பாரத்தில். ஏறும்போது புகைவிட்டு எச்சரித்த எஞ்சின், இறங்கும்போது எச்சரிக்காமலே பிஸ்டனை ஓட்டை போட்டிருக்கும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆகவே சாலையில் ஓட்டப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலாவது, வெளிக்காற்றை இடைவிடாமல் அளக்கத் தனியாக ஒரு பாரோ சென்சார் வையுங்கள். அதன் வாய் எஞ்சின் சூட்டுக்கும் மின்விசிறிக் காற்றுக்கும் அப்பால் இருக்கட்டும். இரண்டாவது, பெட்ரோல் அட்டவணையில் த்ராட்டில் பக்கத்தைச் சம இடைவெளியில் பிரிக்காதீர்கள். இந்தத் தட்டுகள் ஒரு விழுக்காட்டிலிருந்து மூன்றுக்குப் போவதற்குள் காற்று பன்மடங்காகிவிடும். எழுபதிலிருந்து நூறுக்குப் போகும்போது பெரிதாக ஒன்றும் மாறாது. நான் 0, 1, 2, 3, 5, 8, 12, 20, 35, 60, 100 என்று பிரிப்பேன். இசியுவில் ஐடிபி (தனித்தனி த்ராட்டில் பாடிக்கான) முறை இருந்தால் மேப்பைத் தூக்கியெறிய வேண்டாம், கோவை நண்பரே. நான்கு குழாய்களிலிருந்தும் ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளையுள்ள தடுப்பு வைத்துச் சிறு குழாய் எடுத்து, ஒரு சின்னக் குப்பியில் சேர்த்து, அங்கிருந்து சென்சாருக்குக் கொடுத்தால் துடிப்பு அடங்கும். வெற்றிடம் உள்ள கீழ்ப்பகுதியை மேப்பும் அதற்கு மேலே த்ராட்டில் கோணமும் பார்த்துக்கொள்ளும். ஏசி கம்ப்ரஸர் பிடிக்கும்போதும், ஐடில் வால்வு கூடுதல் காற்றை விடும்போதும் த்ராட்டில் கோணம் மாறுவதில்லை. காற்று மட்டும் மாறுகிறது. ஆல்ஃபா-என் அதை எப்படி அறியும்? மூன்றாவது, திடீரென்று மிதிக்கும்போது கொடுக்கும் கூடுதல் பெட்ரோலைக் கடைசியில் டியூன் செய்யுங்கள். அடிப்படை அட்டவணை தவறாக இருக்கும்போது அதை இதனால் மூடி மறைப்பவர்கள்தான் அதிகம்.

தேம்ஸ் கரை, லண்டன்

எனக்கு எஞ்சினைவிட பிரேக் பெடல்தான் நினைவில் இருக்கிறது. மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 எஞ்சின், நான்கு தனித் த்ராட்டில் பாடிகள். விற்றவர் பிரேக் பூஸ்டருக்கு (வெற்றிடத்தால் மிதியின் விசையைக் கூட்டும் கருவி) ஒரே ஒரு சிலிண்டரின் குழாயிலிருந்து வெற்றிடம் எடுத்திருந்தார். ரவுண்டானாவுக்கு வரும்போது முதல் மிதியில் பிரேக் நன்றாகப் பிடித்தது, இரண்டாவது மிதியில் பெடல் மரக்கட்டையாகிவிட்டது. எதிரே ஒரு பேருந்து. இரண்டு காலையும் வைத்து மிதித்துத்தான் நிறுத்தினேன். நான்கு குழாய்களிலிருந்தும் ஒருவழி வால்வு வைத்து, ஒரு சேமிப்புக் கலனில் சேர்த்து, அங்கிருந்து பூஸ்டருக்குக் கொடுத்த பிறகு பெடல் இயல்புக்கு வந்தது. பிரேக்குக்கான கலனையும் மேப்புக்கான குப்பியையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் மேப் அளவு குதிக்கும்.

வெள்ளி மூடி, பினாங்கு

எல்லாரும் கறுப்பு மூடியைப் பற்றியே எழுதுகிறீர்கள். 1991-இல் வந்த வெள்ளி மூடியில் காற்றை அளப்பது மடல் வைத்த ஏர்ஃப்ளோ மீட்டர். மேப் சென்சாருக்கு மாறியது 1995-இல் கறுப்பு மூடியில்தான். என்னிடம் வந்த ஒருவர் காற்றுப் பெட்டியைக் கழற்றித் திறந்த ட்ரம்பெட் பூட்டி, அந்த மீட்டரை ஒயரோடு பேட்டரிப் பக்கம் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வண்டி ஏன் ஓடவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. அதன் வழியாகக் காற்றுப் போகாவிட்டால் ஒரிஜினல் இசியு குருடுதான். அந்தக் காற்றுப் பெட்டியை மறுபடியும் பூட்டியதும் எஞ்சின் எவ்வளவு அமைதியாக ஐடிலில் நின்றது என்பதைப் பார்த்தவர்கள், திறந்த ட்ரம்பெட்டின் சத்தத்துக்காக அதைக் கழற்ற மாட்டார்கள். நம் ஊர் வெயிலில் திறந்த ட்ரம்பெட் இழுப்பது ரேடியேட்டரைத் தாண்டி வந்த சூடான காற்றைத்தான்.

கரித் தடம், கோவை

கிள்ளான் நண்பரின் பாரோ சென்சாரை ஏற்கிறேன். எங்களுக்கும் ஊட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் குப்பி வைத்த மேப்பை ஏற்க மாட்டேன். துடிப்பை அடக்க அடக்க அந்த அளவு தாமதமாகவே வந்துசேரும். தட்டுகள் ஒரு நொடியில் திறந்துவிடும்போது மேப் இன்னும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். அவர் சொன்ன 0, 1, 2, 3 என்ற கட்டங்கள் சரியாக இருந்தால் அது தேவையே இல்லை. ஐடில் வால்வின் காற்றுக்குத் தனித் திருத்தம் கொடுத்துவிடலாம்.

இருபது வால்வு, ஈப்போ

இரண்டு பேருடைய வாதமும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. ஒரு விழுக்காடு, இரண்டு விழுக்காடு என்று கட்டம் பிரித்தால் த்ராட்டில் சென்சாரின் பூஜ்யம் அசையக் கூடாது. தட்டுகளைச் சமப்படுத்த ஸ்க்ரூவைத் தொட்ட பிறகு பூஜ்யத்தை இசியுவுக்கு மறுபடி கற்றுக்கொடுக்காவிட்டால், அரை விழுக்காடு நகர்ந்தாலே ஐடிலுக்கு எழுதிய கட்டம் வேறோர் இடத்தில் போய் உட்காரும். எஞ்சின் ஆறியிருக்கும்போது சமப்படுத்துவதிலும் பயனில்லை, அலுமினியம் சூட்டில் விரியும். ரேடியேட்டர் மின்விசிறி ஓடி நின்ற பிறகுதான் மீட்டரை வைக்க வேண்டும். ஐடிலில் ஒரு முறை, கம்பி லேசாக இழுபட்ட நிலையில் மூவாயிரத்தில் இன்னொரு முறை. ஐடிலில் சமமாக இருந்து மூவாயிரத்தில் பிரிந்தால் கோளாறு ஸ்க்ரூவில் இல்லை, தட்டுகளை இணைக்கும் லிங்க்கேஜின் ஆட்டத்தில் இருக்கிறது.

அந்தக் கே.இ.70 போன வாரம் மறுபடி வந்தது. மூன்றாம் வாய் மற்றவற்றைவிடச் சற்றே குறைவாகக் காட்டியது. ஆட்டம் தட்டுகளின் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். இருபது வால்வு ஷாஃப்டுக்குப் புஷ் கடைந்து போட்ட அனுபவம் யாருக்காவது இருந்தால் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்று எழுதுங்கள்.